டிவி நல்லா இருக்கு, ஆப் மட்டும் ஒண்ணொண்ணா சாகுது: டிவியையே மாத்தணுமா?

மின்மினி:

வணக்கம் மக்களே, இவ்வளவு நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிட்டு இருந்தேன், இப்ப ஒரு குழப்பம், அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வீட்ல 55 இன்ச் 4கே ஸ்மார்ட் டிவி இருக்கு, வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகுது. படத்துல ஒரு குறை சொல்ல முடியாது, ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல. ஆனா உள்ள இருக்குற ஆப்பெல்லாம் ஒண்ணொண்ணா கழண்டுக்கிட்டே வருது. ஒரு ஆப் "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது"ன்னு ஒரு வரி காட்டிட்டு ஒரேயடியா போயிடுச்சு. இன்னொண்ணு திறக்கும், ஆனா லோகோ வந்து அப்படியே நிக்கும், நாம எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தாலும் நகராது. கம்பெனிகிட்ட இருந்து அப்டேட்னு ஒண்ணு வந்தே பல காலம் ஆச்சு. ரிமோட்ல ஒரு சேவையோட பேர் போட்டு தனி பட்டனே இருக்கு, அந்த சேவையையே மூடிட்டாங்க, அது தனி காமெடி.

அடுத்தது சவுண்ட். பேசுறது ஒண்ணும் புரியல. பேசுறப்போ ஏத்துறோம், அடுத்த சீன்ல ஏதோ வெடிச்சு வீடே அதிருது, அடிச்சுப் பிடிச்சு குறைக்கிறோம். அம்மா ரிமோட்டை கையை விட்டு இறக்குறதே இல்ல. எங்க எல்லார் காதும் போச்சா, இல்ல இப்ப எல்லாத்தையும் இப்படித்தான் எடுக்குறாங்களா?

கடைசியா, அலமாரி நிறைய டிவிடி, ப்ளூரே கிடக்கு. தம்பி "எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே, தூக்கிப் போடு"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.

டிவியை மாத்தலாமா, இல்ல வேற வழி இருக்கா? நல்லா ஓடுற பொருளைத் தூக்கிப் போட மனசு வரல, ஆனா தினமும் அதுகூட மல்லுக்கட்டவும் முடியல.

---

சிப்புக்காரன்:

மாத்தாதீங்க. டிவி ஆப் எழுதுறதுதான் எனக்கு வேலை, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

உங்க டிவி ரெண்டு பொருள். ஒண்ணு திரை, இன்னொண்ணு அதுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற ஒரு சின்ன கம்ப்யூட்டர். திரை பத்து வருஷத்துக்கு மேலயும் உழைக்கும். அந்த கம்ப்யூட்டர் அப்படி இல்ல, அது வாங்குற அன்னைக்கே பழசு. விளையாட்டுக்குச் சொல்லல. எல்ஜி, சாம்சங் டிவியில நீங்க பாக்குற ஆப்ல பெரும்பாலானது உண்மையில ஒரு வெப் பேஜ்தான், டிவிக்குள்ள இருக்குற ஒரு பிரவுசர்ல ஓடுது. 2016, 2017ல வந்த எல்ஜி டிவிகள்ல அந்த பிரவுசர் எஞ்சின் குரோமியம் 38, அது 2014ல வெளியானது. 2018, 2019 மாடல்ல 53. போன்லயோ கம்ப்யூட்டர்லயோ பிரவுசர் மாசாமாசம் தானா மாறிக்கிட்டே இருக்கும், டிவியில பெரும்பாலும் வாங்குனப்போ எந்த வெர்ஷனோ கடைசி வரைக்கும் அதேதான். அப்ப நாங்க என்ன பண்றோம், அந்தப் பழைய பிரவுசருக்காக தனியா கோடு எழுதி, தனியா டெஸ்ட் பண்ணி, அந்த மாடலை ஆபீஸ்ல அடுக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். ஒரு நாள் மேல இருந்து ஒருத்தர் வந்து "இதுல எத்தனை பேர் பாக்குறாங்க"ன்னு கேப்பாரு. எண்ணிக்கை கம்மியா இருந்தா அன்னையோட அந்த மாடல் காலி. நீங்க பாத்த அந்த ஒரு வரி மெசேஜ் அப்படித்தான் பொறக்குது.

அது ஒரு காரணம். இன்னொண்ணு கோடெக். வீடியோவை சுருக்கி அனுப்புற முறை மாறிக்கிட்டே வருது. ஹெச் 264 வந்தது 2003, ஹெச்இவிசி 2013, ஏவி1 2018. ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தை இன்னும் கம்மி டேட்டாவுல அனுப்பும், கம்பெனிக்கு அதுல பெரிய மிச்சம், அதனாலதான் கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் எல்லாம் ஒண்ணு சேர்ந்து ஏவி1ஐ உருவாக்குனாங்க. ஆனா அதை விரிச்சுக் காட்ட சிப்புலயே தனி சர்க்யூட் வேணும். டிவியில இருக்குற ப்ராசஸரை வெச்சு சாஃப்ட்வேர்லயே 4கே விரிக்க முடியாது, திணறிடும். ஏவி1 சர்க்யூட் டிவிக்குள்ள வர ஆரம்பிச்சதே 2020 வாக்குலதான். உங்களோடதுல இருக்க வாய்ப்பே இல்ல, அப்டேட் போட்டெல்லாம் அதைக் கொண்டு வரவும் முடியாது.

இன்னும் ஒண்ணு இருக்கு, யாரும் பேச மாட்டாங்க: சர்டிபிகேட். டிவி ஒரு சர்வர்கிட்ட பேசும்போது அது நிஜமான சர்வர்தானான்னு பாக்க சில ரூட் சர்டிபிகேட் உள்ளயே வெச்சிருக்கும், அதுக்கு காலாவதி தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30ல அப்படி ரொம்ப பரவலா பயன்பட்ட ஒண்ணு காலாவதியாச்சு, அன்னைக்கு அப்டேட் வராத பழைய கருவிகள் பலது இன்டர்நெட் இருந்தும் பல தளத்துக்குப் போக முடியாம முழிச்சுது. பொருள்ல ஒரு ஸ்க்ரூ கூட கழண்டிருக்காது, ஆனா வேலை செய்யாது.

ஆகவே, திரையை வெச்சுக்கோங்க, பின்னாடி இருக்குறதை மறந்துடுங்க. டிவி பின்னாடி இருக்குற ஹெச்டிஎம்ஐ ஓட்டையில ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ பாக்ஸோ, அதாவது ஆப் ஓட்டுறதுக்குன்னே இருக்குற ஒரு குட்டி கருவியை செருகுங்க, முடிஞ்சது.

---

அவசரக்குடுக்கை:

ப்ரோ ஏழெட்டு வருஷம் ஓடுன டிவிக்கு இவ்வளவு பெரிய மருத்துவமா 😄 புதுசு வாங்குங்க, இப்ப வர்ற டிவி வெளிச்சமே வேற லெவல், 120 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 120 தடவை மாறும்), கேம் மோட், ஏஐ வெச்சு பழைய படத்தைக் கூட 4கே மாதிரி ஆக்கிடுது. நான் மாத்துனேன், திரும்பிப் பாக்கல.

---

சிப்புக்காரன்:

@அவசரக்குடுக்கை கேம் ஆடுறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. ஹெச்டிஎம்ஐ 2.0ல நொடிக்கு 18 ஜிகாபிட்தான் போகும், 2.1ல 48, அதனாலதான் 4கே 120 ஹெர்ட்ஸ் முழுசா கிடைக்குது. புது கன்சோல் வெச்சிருந்தா வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி தெரியும். ஆனா மின்மினி வீட்ல படமும் சீரியலும்தான் ஓடுது போல. படம் நொடிக்கு 24 ஃப்ரேம். 120 ஹெர்ட்ஸ்ல அது இன்னும் சீரா ஓடும், மறுக்கல, 120ஐ 24ஆல வகுத்தா மிச்சமில்லாம போகும், 60ஐ வகுத்தா போகாது. அந்த சின்ன உதறல் உங்களுக்கு உறுத்துனா மாத்தலாம், உறுத்தலன்னா வேண்டாம்.

8கேன்னு யாராவது தள்ளிவிட வந்தா மட்டும் ஓடிடுங்க, அதுல பாக்க ஒண்ணும் இல்ல. அந்த "ஏஐ" சமாச்சாரம் இருக்கே, பெருசாக்குறது ஓரளவு வேலை செய்யும், ஆனா கூடவே மோஷன் ஸ்மூத்திங்கையும் ஆன் பண்ணி வெச்சிருப்பாங்க, இல்லாத ஃப்ரேமை நடுவுல தானா வரைஞ்சு சேர்க்குறது. பெரிய பட்ஜெட் படம் கூட செட்டுல எடுத்த சீரியல் மாதிரி வழவழன்னு தெரியும். இது தாங்காமத்தான் 2019ல ஃபிலிம்மேக்கர் மோட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒரு பட்டன்ல எல்லா அலங்காரத்தையும் அணைக்குறதுக்கு. புது டிவி வாங்கிட்டீங்கல்ல, முதல்ல அதை ஆன் பண்ணிப் பாருங்க.

---

மின்மினி:

ரொம்ப நன்றி, இப்பதான் விஷயமே புரியுது. சரி, ஸ்டிக் வாங்குறேன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு சந்தேகம். அதுவும் நாளைக்கு இதே மாதிரி செத்துடாதா? அப்புறம் வீட்ல இப்பவே ரிமோட் தேடுறதுதான் வேலை, இன்னொரு ரிமோட் வந்தா அம்மா என்னைத் துரத்திடுவாங்க.

---

கம்பிவலை:

ரிமோட் பிரச்சனைக்கு நான் சொல்றேன். டிவி செட்டிங்ஸ்ல ஹெச்டிஎம்ஐ சிஈசின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணா ஒரே ரிமோட்ல ரெண்டும் ஓடும். ஆனா அந்தப் பேர்ல தேடுனா கிடைக்காது, ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு சொந்தமா ஒரு பேர் வெச்சிருக்கு: சாம்சங்ல எனிநெட் ப்ளஸ், எல்ஜில சிம்ப்ளிங்க், சோனில பிராவியா சிங்க். ஏன் இந்தக் கொடுமைன்னு கேக்காதீங்க. ஆன் பண்ணதும் ஸ்டிக்கோட ரிமோட் பட்டனை அமுக்குனா டிவியும் சேர்ந்து எழும், அந்த இன்புட்டுக்கும் தானா மாறும்.

வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது:

வைட்வைன் எல்1 இருக்கான்னு பாருங்க. பூட்டி அனுப்புற வீடியோவைத் திறக்குற முறை அது. எல்1னா சிப்புக்குள்ளயே பாதுகாப்பான இடத்துல திறக்கும், எல்3ன்னா வெறும் சாஃப்ட்வேர்ல திறக்கும், எல்3 இருந்தா பெரிய சேவைகள் ஹெச்டியே தராது, 480பிலயே நிறுத்திடும். பேர் தெரியாத பாக்ஸ் பலதுல அட்டைப்பெட்டி மேல 4கேன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், மெனு எல்லாம் பளபளன்னு இருக்கும், படத்தைப் போட்டா மங்கலா வரும், காரணம் இதான். எல்1 இருந்தாலும் அந்தந்த சேவை தனியா அந்த பாக்ஸை அங்கீகரிச்சிருக்கணும், அதனால பேர் தெரிஞ்ச கம்பெனியோடதா வாங்கிடுறது நல்லது.

டிவி பக்கம் ஹெச்டிசிபி 2.2 (ஹெச்டிஎம்ஐல போற படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) இருக்குற போர்ட்ல செருகுங்க. உங்க காலத்து டிவி சிலதுல எல்லா ஹெச்டிஎம்ஐ ஓட்டையும் ஒண்ணு இல்ல, மேனுவல்ல பாருங்க. நடுவுல பழைய ஆடியோ ரிசீவர் ஏதாவது இருந்தா அதுக்கும் 2.2 வேணும், சங்கிலியில ஒண்ணு இல்லன்னாலும் 4கே வராது, 1080பிதான்.

அப்புறம் கரண்ட்டு. டிவியோட யூஎஸ்பில இருந்து எடுக்காதீங்க, பழைய போர்ட்ல 500 மில்லி ஆம்பியர்தான் வரும், ஸ்டிக் பாதியில ரீஸ்டார்ட் ஆகி ஆகி பைத்தியம் பிடிக்க வைக்கும். கூட வர்ற அடாப்டரையே போடுங்க.

---

சிப்புக்காரன்:

ஸ்டிக்கும் ஒரு நாள் சாகும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அன்னைக்கு நீங்க தூக்கிப் போடுறது விரல் நீளத்துக்கு ஒரு பொருள், 55 இன்ச் கண்ணாடி இல்ல.

இதுல கவனிக்க வேண்டியது, கருவி தன் சொந்தக் கால்ல நிக்குமா இல்ல ஏதோ ஒரு சர்வரை நம்பி நிக்குதாங்கறதுதான். ஸ்பாட்டிஃபை கார் திங்னு ஒண்ணு வித்தாங்க, கார்ல வெச்சு பாட்டு மாத்துறதுக்கு ஒரு குட்டி திரை. 2022ல எல்லாருக்கும் விற்பனைக்கு வந்துச்சு, 2024 டிசம்பர் 9ல எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, அன்னையிலிருந்து அது சும்மா ஒரு பிளாஸ்டிக். அதுக்கு நேர் எதிரா, இன்டர்நெட் வழியா கேம் ஆடுற சேவையான கூகுள் ஸ்டேடியாவை 2023 ஜனவரில மூடுனப்போ விளையாட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்ததோட, கன்ட்ரோலர்ல அடைச்சு வெச்சிருந்த ப்ளூடூத்தைத் திறந்து விடுற ஒரு டூலையும் கொடுத்தாங்க. அந்த கன்ட்ரோலர் இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல ஓடுது. மூடுறதுலயும் ஒரு முறை இருக்கு.

வாங்குறப்போ "எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்"னு தேடுங்க. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து இன்டர்நெட்ல இணையுற பொருள் விக்கிறவங்க அந்தக் கெடுவை வெளிப்படையா சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அதனால பெரிய கம்பெனிகளோட தளத்துல இப்ப அந்தத் தகவல் போட்டிருக்கும். நீங்க எங்க இருந்தாலும் போய்ப் படிக்கலாம்.

---

ஒலிப்பித்தன்:

வசனத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே, என் ஏரியா அது. காது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.

டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கருக்கு இடம் இல்லாம போச்சு, பழைய குண்டு டிவியில ஸ்பீக்கர் முன்னாடி பாத்து நம்ம மூஞ்சிக்கு நேரா பேசும், இப்ப கீழயோ பின்பக்கமோ பாத்துக்கிட்டு சுவத்துகிட்ட பேசுது, சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வர்றப்போ முதல்ல கரையுறது மெய்யெழுத்துதான், ச, த, ப எல்லாம் மழுங்கிடும், மெய் மழுங்குனா வார்த்தை புரியாது, சவுண்ட் இருக்கும் ஆனா என்ன சொன்னான்னு தெரியாது.

இதோட மிக்ஸிங். படத்துக்கு 5.1 சேனல்ல கலக்குறாங்க, வசனம் பெரும்பாலும் நடு சேனல்ல மட்டும் தனியா உக்காந்திருக்கும், மியூசிக்கும் வெடிச் சத்தமும் சுத்தி இருக்குற சேனல்ல. தியேட்டர்ல நடு ஸ்பீக்கர் தனியா இருக்கு, தெளிவா கேக்கும். வீட்ல டிவி இந்த ஆறையும் எடுத்து ரெண்டு சின்ன ஸ்பீக்கருக்குள்ள திணிக்குது, அப்ப வசனத்து மேல மியூசிக் ஏறி உக்காந்துக்கும். போதாக்குறைக்கு தியேட்டர் கலவையில மெதுவான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல இருக்குற தூரம் ரொம்ப பெருசு, கலக்குறவர் நல்ல அமைதியான அறையில, 85 டெசிபல் கணக்குக்கு அளவு வெச்ச ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு கலக்குறாரு, நம்ம வீட்ல ஃபேன் ஓடும், குக்கர் கத்தும், யாராவது போன்ல பேசுவாங்க, அந்த மெதுவான பகுதி அப்படியே அமுங்கிப் போயிடும். நடிகர்களும் இப்ப முணுமுணுப்பாத்தான் பேசுறாங்க, சட்டைக்குள்ள குட்டி மைக் இருக்குற தைரியம், அது என் சொந்த வயித்தெரிச்சல், விடுங்க.

இன்னொரு வேடிக்கை, ஆப்புக்கு ஆப்பு சவுண்ட் ஏறி இறங்குறதுக்கும் காரணம் இருக்கு. நெட்ஃப்ளிக்ஸ் தனக்கு படம் கொடுக்குறவங்ககிட்ட வசனத்தோட அளவு மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ்ல (சத்தத்தை அளக்குற ஒரு அலகு) இருக்கணும்னு கேக்குது. யூடியூப்ல அளவு சுமார் மைனஸ் 14 பக்கம். யூடியூப்ல அது முழு சத்தத்தோட சராசரி, நெட்ஃப்ளிக்ஸ்ல வசனத்தோட அளவு, நேருக்கு நேர் வெச்சுப் பாக்க முடியாதுதான், இருந்தாலும் பத்து டெசிபலுக்கு மேல வித்தியாசம், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தாவுனா தூக்கி வாரிப் போடத்தானே செய்யும்.

இப்ப என்ன பண்ணலாம்னா, காசு செலவில்லாததுல இருந்து சொல்றேன். படம் ஓடுறப்போ ஆடியோ மெனுவுல 5.1னு இருந்தா, அதே மொழியில வெறும் ஸ்டீரியோன்னு இன்னொண்ணு இருக்கான்னு பாருங்க, இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க, இது ஒண்ணுலயே பலருக்கு பாதி பிரச்சனை தீர்ந்துடும். அடுத்து டிவி சவுண்ட் செட்டிங்ல நைட் மோட், ஆட்டோ வால்யூம், க்ளியர் வாய்ஸ்னு ஏதாவது பேர்ல இருக்கும், அது பெரிய சத்தத்தை அமுக்கி சின்னதைத் தூக்கிக் கொடுக்கும். ஸ்டிக், பாக்ஸ்லயும் இதே மாதிரி "பெரிய சத்தத்தைக் குறை"ங்கற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கலாம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணிடாதீங்க, ஒண்ணை ஒண்ணு அமுக்கி சவுண்டு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

அதுலயும் சரி வரலன்னா சவுண்ட்பார், ஆனா ரெண்டு சேனல் இருக்குற 2.1 வேண்டாம், மூணு சேனல் இருக்குற 3.1 வாங்குங்க, அந்த மூணாவது சேனல்தான் நடு சேனல், வசனத்துக்குன்னே இருக்குறது. இதை சொல்லாம 2.1ஐ சப்வூஃபர் காட்டி வித்துடுவாங்க, உங்களுக்கு இடி முழக்கம் நல்லா கேக்கும், வசனம் மறுபடியும் பழைய கதைதான். உங்க டிவியில ஏஆர்சி (டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ வழியா சவுண்ட்பாருக்கு அனுப்புற வசதி) இருக்கும், அது 2009லயே ஹெச்டிஎம்ஐ 1.4ல வந்தது, ஸ்ட்ரீமிங்ல வர்ற டால்பி ஒலிக்கு அதுவே போதும். அதோட புது வடிவமான ஈ-ஏஆர்சி இல்லையேன்னு யாராவது பயமுறுத்துனா, அது முக்கியமா சுருக்காத ஒலிக்கு, அதாவது ப்ளூரே டிஸ்க்குக்குத்தான் தேவை.

அம்மாவுக்கு மட்டும்தான் சிரமம்னா ப்ளூடூத் ஹெட்போன் கூட ஓகே. பழைய ஜோடிகள்ல உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகும், ஏன்னா ப்ளூடூத்ல ஒலியைச் சுருக்குற பழைய முறையான எஸ்பிசி கோடெக்ல 200 மில்லி செகண்ட் வாக்குல தாமதம் வரும், டிவியில லிப் சிங்க் செட்டிங் இருந்தா சரி பண்ணலாம். 2020ல எல்ஈ ஆடியோன்னு புது ப்ளூடூத் முறையை அறிவிச்சாங்க, அதுல ஆரகாஸ்ட்னு ஒரு வசதி, ஒரே டிவியில இருந்து எத்தனை ஹெட்போன், எத்தனை காது மெஷினுக்கு வேணும்னாலும் ஒரே நேரத்துல அனுப்பலாம், அவங்கவங்க வால்யூம் அவங்கவங்க கையில. ரெண்டு பக்கமும் அதை ஆதரிக்கணும், அதான் இப்போதைக்கு இடிக்குது. என்னைக் கேட்டா 8கே, ஏஐ எல்லாத்தையும் விட பெரியவங்க இருக்குற வீட்டுக்கு இதுதான் நிஜமான முன்னேற்றம்.

---

வட்டு வாத்தியார்:

உங்க தம்பி அலமாரி பக்கமே வராம பாத்துக்கோங்கம்மா.

"எல்லாம் ஆன்லைன்ல இருக்கு"ன்னு சொல்றவனைப் பிடிச்சு, உங்க அலமாரியில இருந்து கண்ணை மூடிக்கிட்டு பத்து டிஸ்க் எடுத்து, இதெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு தேடிக் காட்டச் சொல்லுங்க. சிலது இருக்கும், சிலது வேற நாட்டுல மட்டும் இருக்கும், சிலது போன மாசம் வரைக்கும் இருந்திருக்கும். ஸ்ட்ரீமிங்காரங்க உரிமத்தை இத்தனை வருஷத்துக்குன்னு வாங்குறாங்க, முடிஞ்சா எடுத்துடுவாங்க.

"வாங்கு" பட்டன் அமுக்கி காசு கட்டுனதே போகும் தம்பிகளா. 2009ல அமேசான், உரிமம் இல்லாதவன் வித்த சில புத்தகங்களை வாங்குனவங்க கிண்டில்ல இருந்து தூரத்துல இருந்தே அழிச்சுது, காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா வீட்டுக்குள்ள கை விட்டு எடுக்க முடியும்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. 2019ல மைக்ரோசாஃப்ட் மின்புத்தகக் கடையை மூடுனப்போ வாங்குன புத்தகம் எல்லாம் திறக்காம போச்சு, அதுக்கும் காசு திரும்ப வந்துச்சு. 2023 டிசம்பர்ல ப்ளேஸ்டேஷன்ல காசு கொடுத்து வாங்குன டிஸ்கவரி நிகழ்ச்சிகள் எல்லாம் மாசக் கடைசியோட போகுதுன்னு அறிவிச்சாங்க, ஜனங்க கத்துன கத்துல பின்வாங்குனாங்க. கடைசியில கலிஃபோர்னியாவுல சட்டமே போட்டாங்க, 2025 ஜனவரி 1ல இருந்து டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு"ன்னு பட்டன் போட்டா, இது சொந்தம் இல்ல வெறும் உரிமம்தான்னு தெளிவா சொல்லணும். பட்டன் போகல, கீழ ஒரு வரி கூடிச்சு, அவ்வளவுதான்.

தரத்துலயும் டிஸ்க்தான். 4கே ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் 15ல இருந்து 25 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). 4கே ப்ளூரே டிஸ்க் 100 ஜிபி வரைக்கும் இருக்கு, 100 எம்பிபிஎஸ் தாண்டியும் ஓடும். புகை, மழை, இருட்டு சீன் வர்றப்போ பாருங்க, ஸ்ட்ரீமிங்ல கட்டம் கட்டமா உடையும், டிஸ்க்ல உடையாது.

---

அவசரக்குடுக்கை:

வாத்தியாரே, அந்த டிஸ்க்ல எத்தனையை ரெண்டாவது தடவை பாத்திருக்கீங்க, மனசைத் தொட்டு சொல்லுங்க 😅 நான் ஒரு மாசம் ஒரு சேவை கட்டுறேன், பாக்க வேண்டியதைப் பாத்துட்டு நிறுத்திட்டு அடுத்ததுக்குப் போறேன். தூசி இல்ல, அலமாரி இல்ல.

---

வட்டு வாத்தியார்:

பாக்குறதில்லதான், அதுக்காக? 😄 நீங்க சொல்றதும் ஒரு வழிதான், திரும்பப் பாக்காத ஆளுக்கு டிஸ்க் வெட்டிச் செலவு, ஒத்துக்கறேன்.

ஆனா மின்மினி, உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த அலமாரியில நீங்களே வீட்ல எழுதுன டிஸ்க் ஏதாவது இருக்கா? கல்யாண வீடியோ, குழந்தைங்க வீடியோ மாதிரி? இருந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல அதைக் காப்பி எடுங்க. கடையில வாங்குற டிஸ்க் அச்சுல குத்துனது, தகவல் குழியா பதிஞ்சிருக்கும், நிலைக்கும். நாம கம்ப்யூட்டர்ல எழுதுன டிஸ்க் பெரும்பாலும் சாயத்துல எழுதுனது, வெயில்லயும் சூட்டுலயும் அந்த சாயம் நிறம் மாறிடும், அப்புறம் படிக்காது. வெளியில பாத்தா பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ஒண்ணை வேற வீட்ல வைங்க.

கூடவே ஒரு நல்ல ப்ளேயரையும் வாங்கி வெச்சுடுங்க. சாம்சங் 2019லயே அமெரிக்காவுல புது ப்ளூரே ப்ளேயர் விடுறதை நிறுத்தியாச்சு, சோனி 2025 பிப்ரவரியோட எழுதுற ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்துச்சு. விசிஆருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல, கடைசியா செஞ்சுக்கிட்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையில நிறுத்துச்சு, அதுக்கப்புறம் கேசட் வெச்சிருந்தவன் பழைய மெஷினைத் தேடி அலையுறான்.

---

பூட்டுச்சாவி:

ஸ்டிக் போட்டதுக்கு அப்புறம் ஒரு சின்ன வேலை இருக்கு, யாரும் சொல்லல. டிவியோட வைஃபையை எடுத்து விட்டுடுங்க.

காரணம் ஏசிஆர். திரையில ஓடுற படத்தை அப்பப்போ மாதிரி எடுத்து, இது என்ன நிகழ்ச்சின்னு சர்வர்ல ஒப்பிட்டுப் பாக்குற முறை. திரையையே பாக்குறதால ஸ்டிக்ல வர்றது, டிஸ்க்ல வர்றது எதுவா இருந்தாலும் அதால கண்டுபிடிக்க முடியும். விசியோ டிவில இதை ஜனங்களுக்குத் தெரியாம செஞ்சாங்கன்னு அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பைப் பாத்துக்குற அரசு அமைப்பான எஃப்டிசி கேஸ் போட்டு, 2017ல 22 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க, 1 கோடியே 10 லட்சம் டிவில நொடிக்கு நொடி சேகரிச்சதா அதுல சொல்லியிருந்துச்சு. செட்டிங்ஸ்லயும் அணைக்கலாம், சாம்சங்ல வியூவிங் இன்ஃபர்மேஷன், எல்ஜில லைவ் ப்ளஸ்னு தேடுங்க. உங்க டிவிக்கு அப்டேட்டும் வர்றதில்ல, அப்ப அதுக்கு எதுக்கு இன்டர்நெட்? ஓட்டையோட ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டு நெட்வொர்க்ல சும்மா தொங்கவிட்ட மாதிரிதான்.

ஸ்டிக் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்ல, அதுவும் பாக்கும். ரெண்டு பேர் பாக்குறதுக்கு ஒருத்தன் பாத்தா போதும்னுதான் சொல்றேன்.

---

மின்மினி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நிலவரம் சொல்லிடுறேன்: பாக்ஸ் ஒண்ணு வாங்கி ஹெச்டிசிபி 2.2 போர்ட்ல போட்டாச்சு, ஆப்பெல்லாம் பறக்குது, அதே திரைதானான்னு வீட்ல கேக்குறாங்க. எனிநெட் ப்ளஸ் ஆன் பண்ணி பழைய ரிமோட்டை ட்ராயர்ல போட்டாச்சு. ஸ்டீரியோ ட்ராக் மாத்துனதுலயே அம்மா ரிமோட்டை கீழ வெச்சுட்டாங்க, சவுண்ட்பார் இப்போதைக்கு வேண்டாம்னு விட்டாச்சு. டிவிக்கு வைஃபை கட். வீட்டு வீடியோ டிஸ்க் நிறையவே இருக்கு வாத்தியாரே, தம்பியையே காப்பி எடுக்க உக்கார வெச்சிருக்கேன், தூக்கிப் போடச் சொன்னதுக்கு தண்டனை.

புதுசா ஒரே ஒரு பிரச்சனை. ராத்திரி டிவி அணைச்சுட்டு படுத்தா திடீர்னு தானா ஆன் ஆகுது. பாட்டி பேய்னு சொல்றாங்க.

---

கம்பிவலை:

பேய் இல்ல, சிஈசிதான். பாக்ஸ் ராத்திரி அப்டேட்டுக்காக எழுந்திருக்கும், எழுந்ததும் "நான் வந்துட்டேன்"னு டிவிக்கு சிக்னல் அனுப்பும், டிவி பாவம் நம்பி எழுந்துக்கும். பாக்ஸ் செட்டிங்ஸ்ல ஹெச்டிஎம்ஐ சிஈசி போய் "ஒன் டச் ப்ளே" அல்லது அது மாதிரி பேர்ல இருக்குறதை மட்டும் அணைங்க, டிவியை அணைக்குறதும் வால்யூமும் அப்படியே ஓடும். இனிமே நீங்களே ஒரு தடவை டிவி பவர் பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். அப்படியும் எழுந்தா கேம் கன்சோல், ப்ளேயர்னு வேற ஏதாவது ஹெச்டிஎம்ஐல இருக்கான்னு பாத்து, ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்க, எது எழுப்புதுன்னு தெரிஞ்சுடும்.